ஒரே பயம், இரண்டு உடம்பு

2020 மார்ச்சில் ஊரடங்கு தொடங்கிய கொஞ்ச நாளிலேயே எல்லோருடைய கைப்பேசியிலும் ஒரே மாதிரியான நகைச்சுவைகள் சுற்றி வந்தன. டிசம்பரில் பிரசவ வார்டுகளில் இடம் கிடைக்காது, ஒன்பது மாதம் கழித்துப் பாருங்கள் என்று. கணவனையும் மனைவியையும் ஒரே வீட்டுக்குள் பூட்டி வைத்தால் வேறென்ன நடக்கும் என்ற நினைப்புதான் அதற்கெல்லாம் அடிப்படை. வெளியே போக வழியில்லை, நேரம் கிடக்கிறது, ஆகவே ஆசை தானாக வந்துவிடும்.

எனக்கு வரவில்லை. என் கணவருக்கு வந்தது, அதுவும் வழக்கத்தைவிட அதிகமாக. இரண்டும் ஒரே வீட்டில், ஒரே நேரத்தில் நடந்தன. அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அவரிடம் கேட்டு, அவர் படித்துப் பார்த்த பிறகுதான் இதை வெளியிடுகிறேன். எனக்குத் தெரிந்தே சில தம்பதிகள், அந்த மாதங்களில் தங்களுக்குள் நடந்ததையும் நடக்காததையும் வைத்து, தங்கள் கல்யாணமே பொய் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி என்னிடம் பேசிய பிறகுதான் இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

முதலில் அந்த ஒன்பது மாதக் கதை. அது கொரோனாவோடு வந்ததில்லை. 1965 நவம்பர் 9 அன்று நியூயார்க் உட்பட அமெரிக்காவின் வடகிழக்கில் பெரும்பகுதி மின்சாரம் போய் இருளில் மூழ்கியது. ஒன்பது மாதம் கழித்து அங்கே பிரசவங்கள் கூடிவிட்டதாகச் செய்தித்தாள்கள் எழுதின. ரிச்சர்ட் உட்ரி என்ற ஆய்வாளர் பிறப்புக் கணக்குகளை எடுத்து வைத்துச் சரிபார்த்து, 1970-இல் முடிவை வெளியிட்டார்: அப்படி எந்த உயர்வும் இல்லை. கொரோனாவில் நடந்ததோ தலைகீழ். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் பிறந்த குழந்தைகள் முந்தைய டிசம்பரைவிட 8 சதவீதம் குறைவு. பிரான்சில் 2021 ஜனவரியில் சுமார் 13 சதவீதம் குறைவு.

பிறப்பு குறைந்ததால் உறவும் குறைந்தது என்று சொல்லிவிட முடியாது. வேலை நிலைக்குமா, ஆஸ்பத்திரிக்குள் காலடி வைக்கலாமா என்ற நிலையில் பலர் குழந்தையைத் தள்ளிப்போட்டார்கள். இஸ்தான்புல்லில் ஓர் ஆய்வு நடந்தது, 58 பெண்களிடம் மட்டும், சின்ன ஆய்வுதான். ஆனால் அதை என்னால் மறக்க முடியவில்லை. பெருந்தொற்றுக்கு முன்பு வாரத்துக்குச் சராசரியாக 1.9 முறை இருந்த உடலுறவு, தொற்றுக் காலத்தில் 2.4 ஆகக் கூடியிருந்தது. ஆசையும் கூடியிருந்தது. கருத்தரிக்க விரும்பியவர்கள் மட்டும் மூன்றில் ஒரு பங்கிலிருந்து இருபதில் ஒருவர் அளவுக்குக் குறைந்திருந்தார்கள். கூடவே, அவர்களுடைய பாலுறவின் தரம் எப்படி இருந்தது என்று அளக்கும் மதிப்பெண்ணும் இறங்கியிருந்தது. அடிக்கடி நடந்தது, ஆனால் நன்றாக இல்லை. அந்த 58 பேரில் எத்தனை பேர் பயத்தைப் போக்கிக்கொள்ள ஒருவரை ஒருவர் இறுகப் பிடித்துக்கொண்டார்களோ என்று நினைத்துப் பார்ப்பேன்.

பாலியல் பற்றி ஆராயும் அமெரிக்காவின் கின்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2020 மார்ச், ஏப்ரல் மாதங்களில் 1,559 பேரிடம் இணையம் வழியாகக் கேட்டதில், கிட்டத்தட்ட பாதிப் பேர் தங்கள் பாலியல் வாழ்க்கை சரிந்துவிட்டதாகச் சொன்னார்கள். ஐந்தில் ஒருவர், இதுவரை செய்யாத எதையோ புதிதாகச் செய்து பார்த்ததாகச் சொன்னார். அப்படிப் புதிதாக முயன்றவர்களில்தான் 'முன்பைவிட நன்றாக இருக்கிறது' என்றவர்களும் அதிகம். ஆக, ஒரே நோய், ஒரே மாதிரியான பூட்டிய கதவுகள். பாதிப் பேருக்குச் சரிவு, சிலருக்கு ஏற்றம், மிச்சப் பேருக்கு மாற்றமே இல்லை.

எங்கள் வீட்டில் அந்த மூன்றில் இரண்டு இருந்தன.

நான் செய்வது மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன். டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்வதைக் காதில் கேட்டு ஆவணமாகத் தட்டச்சு செய்ய வேண்டும். பல வருடமாக வீட்டிலிருந்தே செய்கிற வேலை. ஊரடங்கு அதை மாற்றவில்லை. மாறியது நான் கேட்டதுதான். அதுவரை மூட்டுவலி, பித்தப்பைக் கல், சர்க்கரை மறுபரிசோதனை என்று கலந்து வரும். அப்புறம் ஒரே குரலாகிவிட்டது. ஆக்சிஜன் அளவு எண்பத்தி நான்கு, இரு பக்க நுரையீரலிலும் படலம், வென்டிலேட்டருக்கு மாற்றினோம், குடும்பத்துக்குத் தொலைபேசியில் தகவல் சொன்னோம். டாக்டர்களின் குரலே மாறியிருந்தது. முன்பெல்லாம் கடகடவென்று சொல்லிக்கொண்டே போகிறவர்கள், நடுவில் நிறுத்தி மூச்சு விட்டுத் தொடர்ந்தார்கள். 'நாற்பத்திரண்டு வயது ஆண், இதற்கு முன் எந்த நோயும் இல்லை' என்று ஒரு பதிவு ஆரம்பிக்கும். ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பினால் அதே வயதில் என் கணவர் கட்டிலில் உட்கார்ந்து லேப்டாப்பில் படம் வரைந்துகொண்டிருப்பார்.

அவர் கட்டட வரைபடங்கள் போடுகிறவர். கட்டட வேலைகள் நின்றதும் சம்பளத்தைப் பாதியாக்கினார்கள். எப்போது முழுதாக நிறுத்துவார்கள் என்று தெரியாது. இரண்டு படுக்கையறை வீடு. ஒன்றில் சர்க்கரை நோய் உள்ள என் மாமியார், கூடத்தில் மகளின் ஆன்லைன் வகுப்பு. எங்கள் அறையில், எங்கள் கட்டிலில், அவருடைய அலுவலகம். பகல் முழுக்க அந்த அறையில் அவருடைய மேலதிகாரியின் குரல் கேட்கும். இரவில் அதே இடத்தில் நாங்கள் படுக்க வேண்டும்.

இரவு விளக்கை அணைத்ததும் அவர் கை என் தோளுக்கு வரும். முன்பு பழகிய, எனக்குப் பிடித்த கைதான். என் உடம்பு இறுகிப்போகும். 'வேண்டாம்' என்று நான் முடிவு செய்வதற்கு முன்பே தோள்பட்டை முடிவு செய்துவிடும். அவரும் அதை உணர்ந்து கையை எடுத்துக்கொள்வார். அப்புறம் இரண்டு பேரும் தூங்காமல் கிடப்போம்.

ஒருநாள் அவர் கேட்டார்: "என் மேல ஏதாவது கோபமா?"

"கோபமெல்லாம் இல்லீங்க."

"அப்போ என்னைப் பிடிக்கலையா?"

இந்தக் கேள்வி எத்தனை வீட்டில் கேட்கப்பட்டிருக்கும்! கேட்கப்படாமல் எத்தனை வீட்டில் மனதுக்குள்ளேயே கிடந்து புழுங்கியிருக்கும்! ஆசை குறைந்தால் அன்பு குறைந்துவிட்டது, தோற்றம் அலுத்துவிட்டது, இல்லையென்றால் வேறு யாரோ இருக்கிறார்கள். நம் மனம் எட்டிப் பிடிக்கிற விளக்கங்கள் இவ்வளவுதான். நான் என்ன நினைத்தேன் என்றும் சொல்ல வேண்டும். ஊரே செத்துக்கொண்டிருக்கும்போது இவரால் எப்படி இதை நினைக்க முடிகிறது, இவருக்கு மனசு என்று ஒன்று இருக்கிறதா என்று நினைத்தேன். அவர் என்னைச் சந்தேகப்பட்டார், நான் அவர் மனசைச் சந்தேகப்பட்டேன்.

வேலையின் காரணமாக மருத்துவக் கட்டுரைகளைப் படிப்பது எனக்குப் பழக்கம். தூக்கம் வராத ஓர் இரவில் தேடிப் படித்தபோது ஜான் பான்கிராஃப்ட், எரிக் ஜான்சன் என்ற இருவரின் கோட்பாடு கண்ணில் பட்டது. 1990களின் இறுதியில் கின்சி நிறுவனத்தில் இருந்துகொண்டு உருவாக்கியது. பாலியல் கிளர்ச்சியைத் தூண்டுகிற ஏற்பாடு ஒன்று, அடக்குகிற ஏற்பாடு இன்னொன்று என்று மூளையில் இரண்டு தனித்தனியாக இயங்குகின்றன, ஆளுக்கு ஆள் இரண்டின் வலுவும் வேறுபடும் என்பது அதன் சாரம். வண்டியில் ஆக்ஸிலேட்டரும் பிரேக்கும் மாதிரி. ஆக்ஸிலேட்டர் நன்றாகவே இருக்கலாம். யாரோ பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தால் வண்டி நகராது. நாமோ நகராத வண்டியைப் பார்த்ததும் இன்ஜினைக் குறை சொல்வோம்.

அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது இதே குழு 2003-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு. மனச்சோர்விலும் பதற்றத்திலும் பாலியல் ஆர்வம் என்ன ஆகிறது என்று ஆண்களிடம் கேட்டிருந்தார்கள். பெரும்பாலானோருக்கு மாறவில்லை, அல்லது குறைந்தது. ஆனால் ஒரு சிறு பகுதியினருக்குக் கூடியது. பின்னால் பெண்களிடம் கேட்டபோதும் அப்படிக் கூடுகிறவர்கள் இருந்தார்கள், எண்ணிக்கை மட்டும் குறைவு. ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் அப்படி என்று முடிந்துபோகிற விஷயமில்லை இது. என் சிநேகிதி ஒருத்தி வீட்டில் எங்கள் கதை அப்படியே மாற்றி நடந்தது. அவளுக்கு வேண்டியிருந்தது, அவள் கணவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவள் பட்ட வேதனை என்னுடையதைவிடப் பெரிது. ஆண் மறுத்தால் அதை யாரிடமும் சொல்லக்கூட முடியாது என்று ஒரு பெண் நினைக்கும்படிதான் நாம் உலகத்தை வைத்திருக்கிறோம்.

அந்த இரவு வரை, எங்களுக்குள் ஒருவருக்குப் பயம், இன்னொருவருக்குப் பயமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. இரண்டு பேருக்கும் அதே பயம். என் உடம்பு அதற்குக் கதவைச் சாத்தியது, அவர் உடம்பு ஆள் தேடியது.

இதில் உடலின் வேலை எவ்வளவு என்பதும் அப்புறம்தான் புரிந்தது. ஆபத்து என்று மூளை முடிவு கட்டிவிட்டால் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறும். அது நாளும் நீடித்தால், பாலியல் ஹார்மோன்களைச் சுரக்கச் சொல்லும் கட்டளையே தணிந்துவிடும். தூக்கம் கெட்டால் இன்னும் மோசம். 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்டதில், டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் பாலியல் ஹார்மோன் பகல் நேரத்தில் 10 முதல் 15 சதவீதம் குறைந்தது. அந்த வருடம் ஐந்து மணி நேரம் உருப்படியாகத் தூங்கியவர்கள் எத்தனை பேர்? அருவருப்புக்கும் ஒரு பங்கு உண்டு. நோய்க்கிருமியை நினைவூட்டுகிற எதிலிருந்தும் உடம்பை விலக்கி வைக்க மனம் தானாகவே ஒரு காவல் போடுகிறது; மார்க் ஷாலர் என்ற உளவியலாளர் இதை நடத்தை சார்ந்த நோய் எதிர்ப்பு அமைப்பு என்கிறார். எச்சில், வியர்வை, மூச்சு எல்லாம் ஆபத்து என்று நாள் முழுக்க நமக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ராத்திரி பத்து மணிக்கு அதே எச்சிலும் வியர்வையும் மூச்சும் திடீரென்று இனிக்க வேண்டும் என்றால் எப்படி? கிருமிநாசினி போட்டுப் போட்டு என் விரல்களெல்லாம் வெடித்திருந்தன. அவர் முதுகைத் தடவினால் எனக்கு எரியும், அவருக்குச் சொரசொரக்கும்.

தனிமை இல்லாததைப் பற்றியும் சொல்ல வேண்டும். இத்தாலியில் முதல் ஊரடங்கின்போது நடத்திய ஓர் ஆய்வில், உறவு குறைந்ததற்கு மக்கள் சொன்ன முதல் காரணம் பயமோ நோயோ இல்லை. வீட்டில் தனிமை இல்லை என்பதுதான். 43 சதவீதம் பேர் அதைச் சொன்னார்கள். எங்களுக்கு அது உடனே விளங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் மாமியார் இருமினால் எனக்கு மூச்சே நின்றுவிடும். அது வெறும் இருமலா, அதுவா? அந்த நொடிக்குப் பிறகு வேறு எதற்கும் இடமில்லை. மகள் வேறு, பள்ளி இல்லாததால் நேரம் கெட்ட நேரத்தில் விழித்திருந்தாள். முன்பு அவள் பள்ளிக்கும் மாமியார் வெளியிலும் போயிருக்கும் வேளைகளில் எங்களுக்கு என்று கொஞ்சம் நேரம் கிடைக்கும். அந்த நேரத்தின் அருமை அது போன பிறகுதான் தெரிந்தது.

ஆனால் எனக்கும் அவருக்கும் நடுவே அதைவிட ஆழமாக வேறொன்று காணாமல் போயிருந்தது: பிரிவு.

நம்முடைய பழைய அகமரபை நினைத்துப் பாருங்கள். காதலை ஐந்து திணையாக வகுத்தவர்கள் கூடலுக்கு ஒதுக்கியது ஒன்றே ஒன்றைத்தான், குறிஞ்சி. மற்ற நான்கும் பிரிதல், காத்திருத்தல், இரங்கல், ஊடல். கூடாமல் இருக்கிற நேரத்தைத்தான் அவர்கள் அதிகம் பாடினார்கள். படித்த காலத்தில் இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்ததோடு சரி. 2020-இல் என் வீட்டுக்குள் உட்கார்ந்து அதன் உண்மையை அனுபவித்தேன். அவர் எங்கும் போகவில்லை, ஆகவே திரும்பி வரவும் இல்லை. காத்திருக்க எதுவும் இல்லை. ஊடுவதற்குக்கூட ஒரு தனி அறை வேண்டும். கோபித்துக்கொண்டு போய் உட்கார இடமில்லாமல் கோபமும் கூடத்திலேயே எல்லோர் நடுவிலும் கிடந்தது. மாலையில் வெளியுலகத்தின் தூசியோடும் ஏதோ ஒரு செய்தியோடும் உள்ளே நுழைகிற மனிதரைத்தான் நான் விரும்பியிருக்கிறேன். நாள் முழுக்க அதே சட்டையில், அதே மூலையில், அதே கவலையோடு உட்கார்ந்திருக்கிறவரும் அவரேதான். ஆனாலும் கண் அவரைத் தனியாகப் பார்க்க மறந்துவிடுகிறது.

ஏமி மியூஸ் என்ற உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் 2019-இல், அதாவது தொற்றுக்கு முந்தைய ஆண்டில், நெடுநாள் துணைவர்களிடம் ஆய்வு செய்து ஒன்றைக் காட்டியிருந்தார்கள். இருவரும் சேர்ந்து புதிதாக எதையாவது செய்கிற, புதிதாக எதையாவது அறிகிற நாட்களில் ஒருவர் மீது ஒருவருக்கு ஆசை கூடுகிறது. புதியது எதுவுமே வாசலைத் தாண்டி உள்ளே வராத அந்த ஆண்டில் இதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்களிடம் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆசை வளர என்னென்ன வேண்டுமோ அதில் பாதி சட்டப்படியே தடை செய்யப்பட்டிருந்தது.

பேசினோம். வீட்டுக்குள் பேச இடமில்லாததால் மாடிப்படியில் உட்கார்ந்து பேசினோம். நான் காதில் கேட்டதை எல்லாம் அன்றுதான் முதல் முறையாக அவரிடம் சொன்னேன். நோயாளிகளின் விவரம் வெளியே போகக்கூடாது என்ற கட்டுப்பாடு இருப்பதால் யாரைப் பற்றியும் சொல்லவில்லை. அந்தக் குரல்களைப் பற்றியும், அவர் வயதைக் கேட்கும்போதெல்லாம் என் வயிறு என்ன பாடுபடுகிறது என்பதையும் மட்டும் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம் சொன்னார்:

"எனக்கு அந்த நேரத்துல உன்கிட்ட வந்தா மட்டும்தான் தலைக்குள்ள சத்தம் நிக்குது. சம்பளம், அம்மா, எல்லாம். அதுக்குத்தான் வரேன். வேற ஒண்ணும் இல்ல."

இந்த மனிதருக்கு மனசு இருக்கிறதா என்று கேட்டேனே, அதற்கு இதைவிட நேரான பதில் கிடைக்காது. அவர் வேண்டியது ஆறுதல். அதைக் கேட்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். வேறு வழியை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் தம்பதிகளிடமும் காதலர்களிடமும் அந்தக் காலத்தில் ரோண்டா பால்சரினி என்ற ஆய்வாளரின் குழு கேட்டறிந்ததும் இதையொட்டித்தான் இருந்தது. பணக்கவலை, தனிமையுணர்வு, மன அழுத்தம் எல்லாம் உறவைத் தேய்க்கின்றன. ஆனால் 'என் துணை என்னைப் புரிந்துகொள்கிறார், என் நிலைக்கு மதிப்புக் கொடுக்கிறார்' என்று உணர்கிறவர்களிடம் அந்தத் தேய்மானம் குறைவு. கவலை போவதில்லை, கவலையின் கை உறவு வரைக்கும் எட்டுவது குறைகிறது.

அன்றைக்கே எல்லாம் சரியாகிவிடவில்லை. அதற்குப் பிறகும் பல வாரங்கள் எனக்கு ஆசை என்று எதுவும் எழவில்லை. மாறியது அதைச் சுற்றி இருந்த அச்சம்தான். அவர் கை தோளுக்கு வந்தால், அது அங்கேயே நிற்கும், அதற்கு மேல் எங்கும் போகாது என்று எனக்குத் தெரிந்தது. ஏனென்றால் அப்படித்தான் பேசி வைத்திருந்தோம். மறுக்க வேண்டிய தேவை இல்லாதபோது தோள் இறுகவில்லை. ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு வெறுமனே தூங்கினோம். அவருக்குத் தலைக்குள் சத்தம் நிற்பதற்கு அதுவே பெரும்பாலும் போதுமாக இருந்தது என்பது அவருக்கே ஆச்சரியம். அவர் தன் வேலையை அறையிலிருந்து கூடத்தின் ஓரத்துக்கு மாற்றிக்கொண்டார். மகளுக்கு இடைஞ்சல்தான், சமாளித்தாள். நான் படுக்கும் நேரம் வரை பதிவுகளைக் கேட்பதை விட்டுவிட்டு, மாலையிலேயே வேலையை முடிக்கும்படி நேரத்தை மாற்றிக் கேட்டு வாங்கினேன். வெளியே நடக்க அனுமதி வந்ததும் வேண்டுமென்றே தனித்தனியாகப் போனோம். அவர் ஒரு மணி நேரம் இல்லாமல் இருந்து கதவைத் திறந்துகொண்டு வரும்போது நான் நிமிர்ந்து பார்த்தேன். அந்த நிமிர்ந்து பார்த்தல் எனக்குப் பெரிய விஷயம்.

ஆசை என்பது முதலில் வர வேண்டும், அப்புறம்தான் மற்றதெல்லாம் என்று நினைத்துத்தான் வளர்ந்திருக்கிறோம். ரோஸ்மேரி பாசன் என்ற கனடா நாட்டு மருத்துவர் 2000-இல் இதை மறுத்து எழுதினார். நெடுநாள் உறவில் இருக்கும் பெண்கள் பலருக்கு ஆரம்பத்தில் ஆசை என்று தனியாக ஒன்று இருக்காது. நெருக்கம் வேண்டும் என்ற எண்ணத்தில் தொடங்கி, உடம்பு இணங்கிய பிறகு ஆசை பின்னால் வந்து சேரும், அதுவும் இயல்புதான் என்றார். இதைப் பலர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். விருப்பம் இல்லாவிட்டாலும் ஒத்துக்கொள், போகப் போகச் சரியாகிவிடும் என்று இதற்கு அர்த்தம் இல்லவே இல்லை. நெருக்கம் வேண்டும் என்ற மனம் உள்ளே இருந்து வர வேண்டும். ஊரடங்கில் தன் உடம்பை ஒப்புக்கொடுத்துக் குடும்பத்தில் அமைதியை வாங்கிய பெண்கள் உண்டு. வீட்டுக்குள் வன்முறையோடு பூட்டப்பட்ட பெண்களும் உண்டு. வீட்டு வன்முறை உலகெங்கும் மோசமாகிறது என்று ஐக்கிய நாடுகள் சபை 2020 ஏப்ரலிலேயே எச்சரித்தது. நான் எழுதுவது அவர்கள் கதை இல்லை. அவர்களிடம் போய் ஆசை பற்றிப் பேசுவது அநியாயம், அவர்களுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு.

எனக்கு ஆசை பின்னால்தான் வந்து சேர்ந்தது. ஒரு மதியம், நாங்கள் எதிர்பார்க்காத நேரத்தில். அதற்கு மேல் சொல்வதற்கில்லை.

2021-இல் எங்கள் இருவருக்கும் தொற்று வந்தது. எனக்கு லேசாகப் போய்விட்டது, வாசனை மட்டும் போனது. வாசனை இல்லாமல் ஒரு மனிதர் பக்கத்தில் படுத்திருப்பது எவ்வளவு அந்நியமானது என்று அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அவர் கழுத்தில் முகம் வைத்தால் யாருமே இல்லாத மாதிரி இருந்தது. பல மாதம் கழித்து, சிறிது சிறிதாகத் திரும்பியது. அவருக்குக் காய்ச்சலும் களைப்பும் கடுமை. குணமான பிறகு இப்போது ஆசை எனக்கு இருந்தது, அவருக்கும் இருந்தது, அவர் உடம்பு ஒத்துழைக்கவில்லை. இதையும் எழுதச் சொன்னவர் அவர்தான், மற்ற ஆண்களுக்கு உதவும் என்று.

விறைப்பு என்பது ரத்த ஓட்டத்தின் வேலை. ரத்தக் குழாய்களின் உட்சுவரை இந்த வைரஸ் பாதிக்கிறது. கொரோனா வந்து போன ஆண்களிடம் விறைப்புக் குறைபாடு அதிகம் காணப்படுகிறது என்று இத்தாலிய ஆய்வாளர்கள் 2021-இல் எழுதினார்கள். களைப்பும் மனச்சோர்வும் மூச்சிரைப்பும் அதோடு சேர்ந்துகொள்ளும். ஒரு தடவை நடக்காமல் போனால், அடுத்த தடவை நடக்குமா என்ற பதற்றமே போதும், நடக்காமல் செய்துவிடும். இவ்வளவும் எனக்குத் தெரிந்திருந்தும், "என்னைப் பிடிக்கலையா" என்ற கேள்வி இந்த முறை என் தொண்டை வரை வந்தது. வாய்விட்டுக் கேட்கவில்லை. அவரே முதல் நாளிலேயே சொல்லிவிட்டார்: "உன்னால இல்ல, எனக்கு இன்னும் உடம்பு தேறல." மாடிப்படியில் கற்றுக்கொண்டது.

மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டர் மூச்சு, இருமல், தூக்கம், பசி எல்லாம் கேட்டார். இதைக் கேட்கவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த இரண்டு வருடத்தில் நான் தட்டச்சு செய்த கொரோனா மறுபரிசோதனைக் குறிப்புகள் எதிலுமே இப்படி ஒரு கேள்வி இருந்ததாக எனக்கு நினைவில்லை. கேட்டால் சொல்லத் தயாராக எத்தனை பேர் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்களோ. என் கணவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். நான்தான் கேட்டேன். டாக்டர் மறுபடி உட்காரச் சொல்லி, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கொழுப்பும் பார்க்க எழுதிக் கொடுத்தார். விறைப்புக் குறைபாடு சில நேரம் இதய நோய்க்கு முன்னறிகுறியாக வரும், அதனால் இதை வெட்கப்பட்டு மறைக்கக்கூடாது என்றார். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறாரா என்று கேட்டார், அவற்றில் சில ஆசையைக் குறைக்கும் என்பதால். எடுக்கவில்லை. ரத்த அழுத்தம் கூடியிருந்தது, அதற்கு மருந்து ஆரம்பித்தார். மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார், வரும்போது இரண்டு பேரும் சேர்ந்து வாருங்கள் என்றும் சொன்னார். போனோம். அந்த முறை நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் அதைக் கேட்டார்.